உணர்வெண் தொண்ணூற்றொன்று

மருந்தளவியில் பச்சை விளக்கு எரிந்தது. நிரஞ்சனாவின் நரம்புகள் நலமாக இருக்கின்றன என்று அதற்குப் பொருள். அவளுக்கோ தன் பாதம் எங்கே முடிகிறது, செருப்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

"தொண்ணூத்தொண்ணு!" என்றார் டாக்டர் ரிஸ்வானா. "ஐம்பது வயசுக்கு மேல இவ்வளவு எண் வாங்குறது லேசில்லம்மா."

"விரலெல்லாம் மரத்துக் கெடக்குதுங்க டாக்டர். பொத்தான் போட முடியல."

"எண் நல்லா இருக்கே. பயத்துல அப்படித் தோணும். மனசைத் தேத்திக்கோங்க."

முழு அளவு மருந்து ஏறத் தொடங்கியது. பக்கத்து நாற்காலியில் அவள் கணவர் கபிலேஷ், தன் பிள்ளை முதல் மாணவனாக வந்துவிட்டதைப் போல உட்கார்ந்திருந்தார். '-ஏஷ்' என்று முடியும் பெயர்களெல்லாம் தாத்தாக்களின் பெயர்களாகிவிட்ட காலம் அது. அவருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் உயரத்தையும் எடையையும் பார்த்துக் கீமோ கொடுத்தார்கள். புற்றணுவோடு சேர்ந்து கை கால் நுனிகளின் நரம்புகளும் செத்தன. அது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் உணர்வுறை. காலுறையும் கையுறையும் போல மெல்லியது. அதை மாட்டிக்கொண்டு தினமும் நாற்பது நிமிடம் பயிற்சி செய்ய வேண்டும்: ஒற்றைக் காலில் நிற்பது, குதிகால் விரலைத் தொடும்படி அடியடியாக நடப்பது, கால்விரல்களால் துண்டைச் சுருட்டுவது, கண்ணை மூடிக்கொண்டு கொண்டைக்கடலையிலிருந்து பாசிப்பயறைப் பிரிப்பது. பயிற்சி நரம்பைக் காக்கும். உறை நரம்பை அளக்கும். நூற்றுக்கு இத்தனை என்று உணர்வெண் போட்டு மருந்தளவிக்கு அனுப்பும். எழுபதுக்கு மேல் போனால் முழு மருந்து, இடையில் நின்றால் முக்கால் மருந்து, ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் பாதி மருந்து.

நரம்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு நஞ்சு என்பதுதான் ஏற்பாடு. ஒப்புதல் படிவத்தின் பதினான்காம் பக்கத்தில் தெளிவாகவே அச்சிட்டிருந்தார்கள். கபிலேஷ் அந்தப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார். பதினான்காம் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் மனிதர் இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

நிரஞ்சனாவுக்கு உயிரைவிட விரல்களைப் பற்றித்தான் கவலை. குழந்தைகள் மருத்துவமனையில் இருபத்தாறு வருடமாக ரத்தம் எடுப்பவள். எந்திரங்கள் தோற்றுக் கைவிடும் பச்சைக் குழந்தையின் கையில், மயிரிழை போன்ற ரத்தக்குழாயை ஆள்காட்டி விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். ஒரே குத்து, குழந்தை அழுது முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். நோய் என்று தெரிந்த அன்று அவள் கேட்ட முதல் கேள்வியே, "மறுபடி வேலைக்குப் போவேனா மாமா?" என்பதுதான்.

அதனால் முதல் இரண்டு சுற்றுகளில் வெறியோடு பயிற்சி செய்தாள். மூன்றாவது சுற்று அவளைப் படுக்கையில் தள்ளியது. தரையில் கால் வைத்தால் தீயை மிதித்ததுபோல் எரிந்தது. விடிந்தும் எழ முடியாமல் கிடந்தாள். உணர்வெண் அறுபதுக்கு இறங்கி, ஐம்பத்துமூன்றுக்கு வந்தது. கபிலேஷ் பயந்துபோனார். அவரைப் பொறுத்தவரை அந்த எண் ஒரு வருகைப் பதிவு. குறைந்தால் மருத்துவமனை அவளைக் கைகழுவிவிடும் என்று நினைத்தார்.

கபிலேஷுக்குச் சிறுவயதில் ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. அப்போது அவருடைய அப்பா சென்னிமலையில் அங்கப்பிரதட்சணம் செய்தார். காய்ச்சல் மகனுக்கு, உருண்டது அப்பா, முருகன் ஏற்றுக்கொண்டான். ஒருவருக்காக இன்னொருவர் தீமிதிப்பதும் காவடி எடுப்பதும் மொட்டை போடுவதும் அந்தப் பக்கத்தில் யாருக்கும் வியப்பில்லை. படுத்துக் கிடப்பவரால் முடியாததை எழுந்து நிற்பவர்தானே செய்ய வேண்டும்? மறுநாள் காலை அவள் எழுவதற்கு முன்பே குளித்தார், திருநீறு பூசினார், அவளுடைய உணர்வுறைகளைத் தன் கைகால்களில் மாட்டிக்கொண்டார்.

உறை அவரைச் சந்தேகிக்கவில்லை. கீமோவில் கால் வீங்கும், நடை மாறும் என்று அதைச் செய்தவர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். வேறொரு ஆளே உள்ளே வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. வேண்டுதலை நிறைவேறும்வரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பதால் அவர் அவளிடம் மூச்சு விடவில்லை. "நான் ஒண்ணுமே செய்யலியே மாமா, எப்படி எண் ஏறுது?" என்று அவள் கேட்டபோதெல்லாம், "நல்லது நடக்கறப்ப கேள்வி கேக்காதே அம்மிணி" என்று சிரித்து மழுப்பினார். பாவம், அந்தச் சிரிப்பில் கள்ளமே இல்லை.

எட்டுச் சுற்றும் முழு அளவில் ஏறின. புற்று முழுவதுமாக மறைந்தது.

மரத்த விரலைவிட அந்த எண்ணை நம்பி வேலைக்குத் திரும்பிய முதல் நாள், நான்கு மாதக் குழந்தை ஒன்றை அவள் முன் கிடத்தினார்கள். முழங்கை மடிப்பில் ஆள்காட்டி விரலை வைத்தாள். ஒன்றுமே தெரியவில்லை. அழுத்தினாள். குழந்தை வீறிட்ட பிறகுதான் எவ்வளவு அழுத்தினோம் என்று புரிந்தது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அன்றைக்குத்தான் கபிலேஷ் வாயைத் திறந்தார். எல்லாவற்றையும் சொன்னார். அவள் படிவத்தைத் தேடியெடுத்துப் பதினான்காம் பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள்.

"சாமிக்குச் செய்யற மாதிரி மிசினுக்குச் செஞ்சுபோட்டீங்களே மாமா!"

"நீ உசுரோட இருக்கறியே கண்ணு, அது போதாதா?"

"பாதி மருந்துலயும் இருந்திருப்பனோ என்னமோ. அதை இனி ஆரு சொல்லுவா?"

அவள் அவரை வெறுத்தாள். அந்த வெறுப்பு ஒரு நாள்கூட நிலைக்கவில்லை என்பது அவளுக்கு இன்னும் பெரிய வேதனையாக இருந்தது. மறுநாள் இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள்.

டாக்டர் ரிஸ்வானா பொறுமையாகக் கேட்டார். பிறகு உறையை நிரஞ்சனாவுக்கே மாட்டி அளந்தார். பதினொன்று. மருந்தளவி ஒரு நொடி யோசித்துத் திரையில் எழுதியது: 'பயிற்சியை நிறுத்தியதால் ஏற்பட்ட சரிவு. முன்போல் தொடரவும்.'

"பார்த்தீங்களா?" என்றார் டாக்டர், ஆறுதல் சொல்லும் குரலில்.

"பொய்யுங்க டாக்டர். அந்தத் தொண்ணூத்தொண்ணு என் காலுங்க!" என்று கபிலேஷ் தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார். "அந்தப் பதிவை அழிச்சுப்போடுங்க."

"ஐயா, உங்க வேதனை புரியுது. நீங்க சொல்றது நிஜமாவே இருக்கட்டும். ஒரு பதிவை அழிச்சா என்ன மாறும்? இந்த ஒரு வருஷத்துல முந்நூத்திப் பன்னெண்டு பேர் தொண்ணூறைத் தாண்டியிருக்காங்க. நரம்பு இவ்வளவு தாங்குதுன்னு தெரிஞ்சுதான் போன மாசத்துல இருந்து எல்லாருக்கும் மருந்தோட உச்ச அளவையே கூட்டியிருக்கோம். முந்நூறு பேருமா பொய்?"

வெளியே நடைவழியில் மருந்துக்குக் காத்திருந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கபிலேஷின் குரல் அவர்களுக்கும் கேட்டிருக்க வேண்டும், பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கதவருகே தலைமுடி கொட்டிய இளைஞன் ஒருவன் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய தாய் மடியில் உணர்வுறைகளை மடித்து வைத்திருந்தாள்.

நிரஞ்சனா அவள் அருகில் மெல்ல உட்கார்ந்தாள். "தம்பிக்கு எண் எவ்வளவுங்க?"

"தொண்ணூத்தி நாலுங்க."

"பயிற்சி ஆரு பண்றாங்க?"

அந்தத் தாய் தூங்கும் மகனை ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் இரண்டு கால்களையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.