விலாவின் உள்பக்கம்

பொட்டலம் சூடாக இருந்தது. கறிக்கடைக்காரர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, காகிதத்தில் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்த பன்றி விலா, வீடு வந்து சேர்வதற்குள் காய்ச்சல்காரன் நெற்றிபோலக் கொதித்தது. "உங்களுக்குன்னே எடுத்து வச்சேன்க்கா" என்று அவர் சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை. இருந்த எரிச்சலில் அன்று அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் முன்னால் விலாக்கறித் தட்டை விசிறியடித்தான் கணவன். "உள்பக்கத்து ஜவ்வ உரிக்கக்கூடத் தெரியல. செருப்பத் தின்ன மாதிரி இருக்கு." பதினோரு வருஷம் ஆக்கிப்போட்ட கைக்குக் கிடைத்த மரியாதை! நாத்தனார் வேறு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதனால் இன்று முதல் வேலை ஜவ்வு. விலாவைக் கவிழ்த்துப் போட்டு, எலும்போரமாகக் கரண்டிக் காம்பை நுழைத்து நெம்பி, கிளம்பிய நுனியைத் துணியால் பிடித்து, அவன்மேல் இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்தாள். சர்ரென்று கையோடு வந்தது.

கூடத்தில் அவன் அலறினான்.

"என்னங்க ஆச்சு?"

"விலாவுல சுரீர்னுச்சு. நீ உன் வேலையப் பாரு."

பார்த்தாள். மூன்றாவது எலும்பில் ஒரு முடிச்சு. உடைந்து, கோணலாகக் கூடிய எலும்பு. ஏணியிலிருந்து விழுந்து விலா உடைந்த கணவனுக்கு மாதக்கணக்கில் தைலம் தேய்த்த விரல்களுக்கு அந்த முடிச்சு நன்றாகத் தெரியும். மிளகாய்த்தூளை ஒரு சிட்டிகை தூவிப் பார்த்தாள்.

"எரியுதுடி! ஃபேனக் கூட்டி வை!"

மிளகாய்த்தூள் டப்பாவைக் கீழே வைத்தாள். கூடத்து வாசலில் போய் நின்றாள். வலது விலாவைப் பிடித்தபடி டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் கறி சரியில்லைங்க. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிட்டு வரேன்."

"கறியெல்லாம் சரியாத்தான் இருக்கும். ஆக்குறவளுக்குத்தான் துப்பில்ல. போடி உள்ள."

அவ்வளவுதான். பயம் இருந்த இடத்தில் ஆத்திரம் வந்து உட்கார்ந்தது. மீதி மிளகாய்த்தூளையும் கொட்டி அழுத்தித் தேய்த்து, விலாவை ஓவனுக்குள் தள்ளிக் கதவை அறைந்து சாத்தினாள்.

இரண்டு மணி நேரம் கொழுப்பு சடசடத்தது. கூடத்திலிருந்து முதலில் முனகல் வந்தது, பிறகு டிவி சத்தம் மட்டும். அணைத்துவிடலாமா என்று பத்துத் தடவை ஓவன் பக்கம் கை போனது. துப்பில்லாதவளாம்! வேகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கூப்பிடாமலே வந்து மேசையில் உட்கார்ந்தான். முகமெல்லாம் சிவந்து வேர்த்திருந்தது. ஒரு வாய் கடித்தான்.

"இப்பத்தான்டி கறி மாதிரி இருக்கு."

முதல் எலும்பை உருவினான். சட்டையின் வலது பக்கம் லேசாக உள்ளே விழுந்தது. அவன் கவனிக்கவில்லை. இரண்டாவது. இன்னும் கொஞ்சம் விழுந்தது. முடிச்சு எலும்பைச் சப்பி, தட்டோரம் வைத்தான். டக். அடுத்தது. டக்.

தட்டு காலி. சட்டை தொய்ந்து கிடந்தது. மூச்சு இல்லை. வாய் மட்டும் மென்றது.

"இன்னொண்ணு வை."

"தீந்துபோச்சுங்க."

"எங்க தீந்துச்சு?"

கொழுப்பு வழிந்த விரல்கள் அவள் இடுப்புக்கு மேலே பதிந்தன. ஒவ்வொரு எலும்பாகத் தடவின. மேலே ஏறின. நின்றன.

எலும்போரமாக ஒரு நகம் நுழைந்து, மெல்ல நெம்பியது.