மங்கலான ஒரு துளி

அந்தப் படத்துக்குள் நாற்பது லட்சம் பேர் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

'செம்முகில் அணை, அதிகாலை' வெளியாகி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. திரையில் விரலை வைத்து உள்ளே நுழைந்தால் காலடிப் புல்லின் நரம்பு தெரியும். ஆறு கிலோமீட்டர் தள்ளி உச்சிப் பாறையில் நிற்கும் வரையாட்டின் கண்ணிமையும் தெரியும். ஊடுகூர்ப் பெட்டி என்ற புதுக் கேமரா வந்தபிறகு எந்தப் படத்திலும் கலங்கல் என்பதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் ஜனங்கள் படங்களுக்குள் துழாவப் போனார்கள். துழாவிகள் என்றே அவர்களுக்குப் பெயர்.

படத்தை எடுத்த ஜெபசிங், பாளையங்கோட்டை ஸ்டுடியோவில் எதிரே இருந்தவளின் முகத்தைப் பார்க்காமல் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் முத்துரூபா. செம்முகில் அணையில் பரிசல் போட்டு மீன் பிடித்த இசக்கிராஜாவின் மனைவி. பரிசலோடு அவனை மதகு இழுத்துக்கொண்டு போய் இருபது நாளாகிறது.

"குடிச்சிட்டு மதகு பக்கம் போயிட்டாருன்னு எழுதிட்டாங்க சார். அவரு தொடவே மாட்டாரு. காலையில ஏழு மணிக்கு மதகு தொறப்பாங்கன்னு அவருக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துல எம் மவளை 'குடிகாரன் மவ'ன்னு கூப்பிடுதாங்க."

"நான் என்னம்மா செய்யணும்?"

"அன்னைக்கு நீங்க கரையிலதான நின்னீங்க? ஒங்க படத்துல எல்லாமே தெரியுமாம்லா. அவரு எங்கனயாவது இருக்காரான்னு பாத்துச் சொல்லுங்க."

"அந்தப் படத்துல ஆளே கிடையாதும்மா. நான் யாரையும் பாக்கல."

துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தார்.

"சரிங்க சார். அப்ப நானே துழாவிப் பாக்கேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடுதான் தாங்கவில்லை.

படம் எடுத்த அன்று, நான்கு நாள் காத்திருந்து கிடைத்த விடியல். காற்றில்லை, மூடுபனி இல்லை, தண்ணீர் கண்ணாடி. நடுவில் ஒரு பரிசல்! நிலக்காட்சி என்றால் அதில் மனித வாடையே இருக்கக்கூடாது என்பது ஜெபசிங் போன்ற படக்காரர்களின் வழக்கம். ஆடு மேய்ப்பவனோ, சுள்ளி பொறுக்குகிறவளோ, யாராக இருந்தாலும் ஒதுங்கச் சொல்லிவிட்டுத்தான் எடுப்பார்கள். 'களம் துடைத்தல்' என்று அதற்கு ஒரு பெயர் வேறு.

ஊடுகூர்ப் பெட்டி ஒரே சொடுக்கில் எடுப்பதில்லை. காலடியில் ஆரம்பித்து உச்சி மலை வரை தொள்ளாயிரம் அடுக்குகளாக எடுத்து ஒன்றாகத் தைக்கும். பன்னிரண்டு நிமிடம் ஆகும். முதலில் புல், கடைசியில் மலை. பெட்டி புல்லில் இருக்கும்போதே ஏரியைத் துடைத்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டார் ஜெபசிங். பெட்டியை முடுக்கிவிட்டுக் கையை வீசினார்.

"ஏப்பா! அந்தப் பாறைக்குப் பின்னால போய் நில்லு! பத்தே நிமிஷம்!"

இசக்கிராஜா மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான். மதகு திறக்கும் நேரமாகிவிட்டது என்கிறான். பாறைக்குப் பின்னால்தான் மதகு. ஜெபசிங் மறுபடி வீசினார், இன்னும் வேகமாக. அவன் சிரித்துக்கொண்டே துடுப்பைத் திருப்பினான்.

பெட்டி மலையை எட்டியபோது மதகுச் சங்கு ஊதியது. இவர் அதைக் கேட்டார். ஓடிப்போய்க் கத்தியிருக்கலாம். தரை அதிர்ந்தால் கடைசி அடுக்குகள் கெடும் என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார்.

இப்போது, முத்துரூபா போனதும், ஸ்டுடியோவிலிருந்த தன் மூலப்படத்துக்குள் அவசரமாகப் போனார். பாறையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். சுத்தம். திரும்புகிற சமயம் முன்னால் இருந்த புல் நுனியில் ஒரு பனித்துளி. நெருங்கினார்.

துளியின் மேல்பரப்பில், குண்டுக் கண்ணாடியில் தெரிவதுபோல, முக்காலிக்குப் பின்னால் கையை வீசியபடி நேராக நிற்கும் ஜெபசிங். துளிக்கு உள்ளே தலைகீழாக ஏரி. ஏரியில் தலைகீழாக ஒரு பரிசல், பாறையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

அறையில் யாரும் இல்லை. ஆனாலும் கையை எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டார்.

அவர் பழைய லென்ஸில் தொழில் படித்தவர். எதைக் கூராக்குகிறோமோ அங்கேதான் கண் போகும், மங்கலை எவன் பார்ப்பான் என்பது அந்தக் காலத்துப் பாடம். படைப்பாளிக்கு மட்டும் கொடுக்கப்படும் மெழுகுகருவியை எடுத்தார். மூலத்தில் மெழுகினால் வெளியான படத்திலும் அந்த இடம் மங்கிவிடும். துளியின்மேல் ஒரு இழுப்பு. கடுகளவு கலங்கல். தீர்ந்தது.

மறுநாள் காலை காட்சிக்கூடத்துப் பொறுப்பாளன் லோகேஷ் போனில் கூப்பிட்டான்.

"சார், கூட்டம் அள்ளுது! வரையாட்ட ஒருத்தரும் சீண்டல. எல்லாரும் புல்லுகிட்டயே நிக்காங்க!"

ஜெபசிங் வெளியான படத்துக்குள் போனார். படைப்பாளி நுழைந்தால் தலைக்கு மேல் பெயர் எரியும் என்பது நினைவுக்கு வந்தபோது பெயர் எரிந்துகொண்டிருந்தது.

"ஏல, இங்க வந்து பாரு. கலங்கலா இருக்கு!"

"கலங்கலா? நான் பொறந்ததுல இருந்து கலங்கலயே பாத்ததில்லயே. நவுருல!"

"என்னத்தயோ மறைக்கான் மக்கா."

"அதை விடு. பக்கத்துத் துளியப் பாரு."

பக்கத்துத் துளி! ஒரு துளியைத்தான் அவர் பார்த்திருந்தார். அந்தப் புல் கொத்தில் முந்நூற்றுச் சொச்சம் துளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜெபசிங். ஒவ்வொரு ஜெபசிங்கும் கையை வீசிக்கொண்டிருந்தார். போ, போ, போ.

ஆயிரக்கணக்கான முகங்கள் துளிகளை விட்டுவிட்டு, எரிகிற அவர் பெயரைப் பார்த்துத் திரும்பின. வெளியேறும் பொத்தான் விரலுக்கடியில்தான் இருந்தது. விரல் அசையவில்லை.

கூட்டத்தின் முன்வரிசையில் முத்துரூபா மட்டும் திரும்பவில்லை. ஒரு துளியின்மேல் முகத்தைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"பரிசல் ஏன் தலைகீழா இருக்கு?" என்று மெல்லக் கேட்டாள்.

"துளிக்குள்ள தெரியுததெல்லாம் தலைகீழாத்தான்க்கா இருக்கும்" என்றான் பக்கத்தில் நின்ற துழாவி.

அவள் விரல் துளியின் மேல்பரப்பில் கையை வீசும் உருவத்துக்கு நகர்ந்தது.

"இவரு மட்டும் நேரா நிக்காரே."