தெளிந்த மருந்து

“எங்கம்மா என் சம்சாரத்த ரூமுக்குள்ள தள்ளிப் பூட்டிட்டாங்க, ஐயா. மாமனாருக்கு மருந்துல வெஷம் வெச்சிட்டான்னு பன்னெண்டு மணிக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறாங்களாம்.”

பட்டுக்குச் சாயம் போடும் தருமன் இதைச் சொன்னபோது அவன் கை முழங்கை வரை சிவப்பாக இருந்தது. மருந்துக்கடை பரசுராமன் அதைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தே போனார். அவருக்கு மருந்து விற்கும் ஆசையைவிடத் துப்பறியும் ஆசை பெரிது. தைரியம்தான் கொஞ்சம் கம்மி. அவர் கடையில் ஓசிப் பேப்பர் படிக்க வரும் ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர் சிவப்பிரகாசம் பேப்பரை மடித்து வைத்தார்.

“உக்காரு. மொதல்லேர்ந்து சொல்லு.”

தருமனின் அப்பா அருணகிரிக்கு ரத்தப் புற்று. வேலூர் டாக்டர் ஒரு மஞ்சள் மாத்திரை எழுதி, தினம் ஒன்று தரச் சொன்னார். ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால், ஏறியிருந்த வெள்ளை அணுக்கள் துளியும் இறங்கவில்லை. இரண்டு மாத்திரையாக்கினார். அது நடந்து மூன்று வாரம் முடிவதற்குள் வாயெல்லாம் புண், ஈறில் ரத்தம். முந்தாநாள் வேலூரில் சேர்த்தபோது அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் கீழே போயிருந்தன. இவ்வளவு மருந்தை யார் கொடுத்தது என்று டாக்டர் சத்தம் போட்டாராம்.

“உள்ள எவ்ளோ போச்சுன்னு தெரிஞ்சாத்தான் மேல என்ன செய்றதுன்னு பாக்க முடியுமாம். நிறுத்தியே வெச்சா நோவு ஏறிடும், தெரியாம குடுத்தா மருந்தே ஆளக் கொன்னுடும்னு சொல்லிட்டாரு.”

“உன் சம்சாரத்து மேல ஏன் பழி?”

“அம்மாதான் தினம் மருந்து குடுப்பாங்க. வேண்டுதலுக்குப் படவேடு போன மூணு நாளு மட்டும் கண்ணகி குடுத்தா. அதுக்கு அடுத்த வாரமே இப்படி. அவ சேத்துப்பட்டுப் பக்கம் கூலிக்காரங்க வீட்டுப் பொண்ணு, எங்க ஜனமில்ல. நாங்களா கட்டிக்கினோம். அம்மாவுக்கு அது போதாதா?”

மூவரும் தருமன் வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா பொன்னம்மாள் சாய அடுப்பருகே ஒரு செம்பில் பொடியை வெந்நீர் விட்டுக் கரைத்துக்கொண்டிருந்தாள். கரைத்து, சற்று நேரம் ஆடாமல் வைத்திருந்து, மேலே தெளிந்ததை மட்டும் அலுங்காமல் தொட்டியில் சாய்த்தாள்.

“அடியில படிஞ்ச மண்டி கலந்தா பட்டுல திட்டு விழும்,” என்றாள், யாரும் கேட்காமலே.

“மண்டியக் கொட்டிடுவீங்களா?” என்று கேட்டார் சிவப்பிரகாசம்.

“கொட்டுவாங்களா யாராவது? அது மேலயே அடுத்த பொடியப் போட்டுக் கரைப்போம்.”

மாத்திரை டப்பாவை வாங்கி பரசுராமன் இரண்டு தடவை எண்ணினார். இருக்க வேண்டியது இருந்தது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அவர் முகம் தொங்கிவிட்டது. மருமகள் திருட்டுத்தனமாக வேறு மாத்திரை வாங்கினாள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர்தான். இந்த மாத்திரை ஆரணியில் எந்தக் கடையிலும் கிடையாது என்பதும் அவருக்கே தெரியும்.

“மாத்திரைய முழுசா முழுங்குனாரா?” என்று பொன்னம்மாளைக் கேட்டார் சிவப்பிரகாசம்.

“அவருக்குக் கொமட்டுங்க. பத்து நாளைக்கு உண்டானத ஒண்ணா இடிச்சி, வெந்நீர்ல கரைச்சி சீசாவுல வெச்சிப்பேன். காலையில ஒரு அவுன்ஸ்.”

“டாக்டருக்குத் தெரியுமா?”

“இதெல்லாமா கேப்பாங்க? கல்யாணம் ஆனதுலேர்ந்து கரைக்கிறவ நான்.”

கண்ணகி இருந்தது பட்டு நூல் வைக்கும் அறை. கையகல ஜன்னல், அதற்கும் கம்பி. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அந்தப் புழுக்கத்தில் நின்று அவள் கண் சிவந்திருந்தது. “மூச்சு முட்டுதுங்க. நான் ஒண்ணும் பண்ணல,” என்றாள்.

சிவப்பிரகாசம் மருந்து சீசாவைக் கேட்டு வாங்கினார். பழுப்புக் கண்ணாடி, உள்ளே இருப்பது வெளியே தெரியாது.

“தினம் ஊத்துற மாதிரி ஒரு அவுன்ஸ் ஊத்துங்கம்மா.”

பொன்னம்மாள் சீசாவை அலுங்காமல் சாய்த்தாள். கிளாஸில் விழுந்தது கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. அடுத்து அவர் சீசாவைக் கம்பி வழியாக உள்ளே நீட்டி, இன்னொரு கிளாஸைக் கொடுத்தார். கண்ணகி சீசாவை இறுக மூடி, நாலு குலுக்குக் குலுக்கிவிட்டு ஊற்றினாள். இந்தத் தடவை விழுந்தது மஞ்சளாகக் கலங்கியிருந்தது.

“ஏம்மா குலுக்கின?”

“மருந்துன்னா குலுக்கித்தானே ஊத்தணும்? பரசுராமன் ஐயா கடை சீசாவுலகூட குலுக்கணும்னு ஒட்டியிருக்குமே. மூணு நாளும் இப்படித்தான் ஊத்தினேன், அதோட அந்த சீசாவும் தீந்துடுச்சு.”

பரசுராமன் பெருமையாகத் தலையாட்டினார். பாதியில் விஷயம் புரிந்து, “ஐயையோ!” என்றார்.

“மாத்திரை எண்ணிக்கை சரியா இருந்ததுதான் எனக்கு இடிச்சுது,” என்றார் சிவப்பிரகாசம். “வெளியிலேர்ந்து மருந்து வரல, இங்கேர்ந்து வெளியவும் போகல. ஆனா மொத மாசம் வேலையே செய்யல, அப்புறம் திடீர்னு ஆளையே சாய்ச்சிடுச்சு. அப்படின்னா அது நடுவுல எங்கேயோ தங்கியிருக்கணும். இந்த மாத்திரை தண்ணியில கரையாது, அடியில படியும். நீங்க சாயத்துக்குப் பாக்குற பக்குவத்த மருந்துக்கும் பாத்தீங்க. தெளிவ அவருக்குக் குடுத்துட்டு மண்டிய சீசாவுலயே வெச்சீங்க, அது மேலயே அடுத்த மாத்திரையக் கரைச்சீங்க. இந்தப் பொண்ணு சீசாவக் குலுக்குச்சு. நாப்பது நாள் மருந்தும் மூணே நாள்ல அவர் வயித்துக்குள்ள போயிடுச்சு.”

பொன்னம்மாள் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போ ஒரு மாசமா நான் அவருக்குக் குடுத்தது?”

“வெறுந்தண்ணிம்மா.”

அவர் தருமன் பக்கம் திரும்பினார். “சீசாவோட ஜல்தியா வேலூர் பஸ்ஸப் புடி. ஒண்ணு போதலன்னுதான் டாக்டர் ரெண்டாக்கினாரு. அந்த ஒண்ணே உள்ள போகலன்னு சொல்லு. இனி அவரக் கேக்காம மாத்திரைய இடிக்கவோ ஒடைக்கவோ கூடாது. முழுங்க முடியலன்னா அதையும் அவருகிட்டயே கேளு. இடிச்ச உரல்ல மிளகு கிளகு இடிச்சிடாதீங்க. அந்தத் தூளும் மருந்துதான்.”

தருமன் அம்மாவின் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தான். கண்ணகி வெளியே வரவில்லை.

“நேத்துலேர்ந்து உள்ள கெடக்கேன். பூட்ட ஒடைக்காம, துப்பறிய ஆளு தேடிப் போனீங்களா?” என்றாள் புருஷனிடம். அவன் சீசாவை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

“வாம்மா. வந்து ஒரு வாய் சாப்புடு,” என்றாள் பொன்னம்மாள், தரையைப் பார்த்தபடி.

“கொலகாரின்னு தெருவுல நின்னு கத்துனீங்க, அத்தே. தெருவே கேட்டுச்சு. நான் செய்யலன்னு அதே தெருவுல சொல்லுங்க. அப்புறம் வரேன்.”

பரசுராமன் சமாதானம் பேச வாயெடுத்தார். சிவப்பிரகாசம் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

பொன்னம்மாள் மெதுவாகத் தெருவில் இறங்கினாள். எதிர்வீட்டு பூங்காவனம் பட்டு சுற்றிக்கொண்டிருந்த ராட்டையை நிறுத்தினாள். அக்கம்பக்கத்து வாசல்களிலும் ஆட்கள் வந்து நின்றார்கள்.

“எம்மருமவ ஒண்ணும் செய்யல,” என்றாள் பொன்னம்மாள், தெருவுக்கே கேட்கும்படி.

கண்ணகி அறையை விட்டு வெளியே வந்தாள். அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் பொன்னம்மாள் வீட்டுக்குள் திரும்பவில்லை.

“நான்தான்,” என்றாள் மறுபடியும். “நான்தான் எம்புருஷனுக்கு ஒரு மாசமா வெறுந்தண்ணி குடுத்தேன்.”

அதை யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை.