செல்வியின் உதடுகள்

தொலைக்காட்சியில் செல்வி பேசிக்கொண்டிருந்தாள். சிவகுருநாதனுக்கு அதுதான் சரியாகப் படவில்லை.

ஏனென்றால் அவருடைய ஏழு வயது மகள் செல்விக்குக் குரலே இல்லை. அவர் பக்கத்தில், தைலம் தடவிய கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வாய் திறக்காமல் தன் முதல் நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படப்பிடிப்பின்போது மழையில் நனைந்ததிலிருந்தே தொண்டை அடைத்துவிட்டது. வசனம் பதிவு செய்யக் கூப்பிட்டபோது, வாய்ப்பு போய்விடுமோ என்ற பயத்தில் சிவகுருநாதன் தொலைபேசியில் பெருந்தன்மை காட்டினார்: "யாரு வேணும்னாலும் பேசட்டும் லா! முகம் நம்ம பிள்ளையோடதுதானே?" துறைமுக அலுவலகத்தில் அவர் கணக்கெழுதும் வெறும் கிராணி. ஆனாலும் நட்சத்திரத்தின் தகப்பன் இப்படித்தான் பேச வேண்டும் என்று ஒரு நினைப்பு.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் ஜன்னல் கம்பிகளில் மழை தட்டியது. தைலமும் காயாத துணியும் சேர்ந்து மணத்த அந்தக் கூடத்தில், திரையிலிருந்து வந்த குரலைச் சிவகுருநாதன் காது கொடுத்துக் கேட்டார். திரையில் மகளுக்கு எல்லாப் பற்களும் இருந்தன. குரலில் மட்டும், நேற்று விழுந்த முன்பல்லின் ஓட்டை வழியாகக் காற்று சீறியது.

விளம்பரம் வந்ததும் இயக்குநர் ஆனந்தராஜாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, பிள்ளைக்கு யாரு குரல் குடுத்தது? அசல் செல்வியேதான்!"

"கிண்டல் பண்றீங்களாண்ணே? ஆளே கிடைக்கல. அவ பேசுற இடத்துல எல்லாம் வெறும் மியூசிக்தான் போட்டு அனுப்பினோம்."

"அப்படியா? என் காதுதான் கிழடாச்சு போல," என்று சிரித்து வைத்தார். தனக்கே எடுபடாத நகைச்சுவை.

நாடகம் முடிந்தது. செய்தி வாசிப்பவர் உதட்டை அசைத்தார்.

"அப்பா," என்றது பெட்டி.

அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார்.

"நீங்கதானேப்பா சொன்னீங்க? யாரு வேணும்னாலும் பேசட்டும்னு."

இருண்ட திரையிலிருந்து அதே குரல். மழை. அவர் மெல்லத் திரும்பினார்.

செல்வியின் உதடுகள் அந்தக் குரலுக்கு ஏற்ப, சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. படப்பிடிப்புக்கு முன் கண்ணாடி எதிரே நிறுத்தி அவர் பழக்கியது போலவே. ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

"வேணாம்டா கண்ணு. வாய மூடு."

அவளால் முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினார். பெட்டியில் குரல் தெளிவாகப் பேசிக்கொண்டே போனது. உள்ளங்கைக்குள் சின்ன உதடுகள் அதற்கு ஓயாமல் பொருந்திக்கொண்டிருந்தன. கைக்கு மேலே, கண்கள் மட்டும் இன்னும் அவர் மகளாக, அழுதன.