ஒரு வாய் தண்ணி

ராத்திரி தட்டு போட்டு மூடி வைத்த டம்ளரில் காலையில் தண்ணீர் இல்லை. தட்டு மூடியபடியே இருந்தது. சிட்டு டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தாள், விரலை விட்டுத் துழாவினாள், அடியில் ஈரம்கூட ஒட்டவில்லை. தூக்கக் கலக்கத்தில் நாமே குடித்துத் தொலைத்திருப்போம், இதற்குப் போய் ஓர் ஆராய்ச்சியா என்று தன்னையே திட்டிக்கொண்டு பல் தேய்க்கப் போனாள். வேலைக்காக விமானம் ஏறிய அன்றைக்கு அம்மா பெட்டியில் துணிக்கு நடுவே செருகிக் கொடுத்த எவர்சில்வர் டம்ளர் அது. எங்கே போனாலும் கூடவே கொண்டுபோவாள்.

வேலை, முதியோர் இல்லத்தில். பெத்த பிள்ளைகள் எட்டிப் பார்க்காத கிழங்களைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, முதுகில் புண் வராமல் இருக்க அடிக்கடி புரட்டிப் படுக்கவைத்து, ஸ்பூனால் தண்ணீர் ஊட்டும் வேலை. ஊரார் வீட்டு அம்மாக்களுக்கெல்லாம் ஊட்டினாள். தன் அம்மாவுக்குத்தான் ஊட்டவில்லை. தொண்டைப் புற்றோடு அம்மா இழுத்துக்கொண்டு கிடந்தபோது லீவு கேட்டாள், ஆள் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். குரல் போன அம்மா, கட்டிலோரத்து டம்ளரை ஸ்பூனால் தட்டித்தான் அக்காவைக் கூப்பிடுவாள். டிங், டிங். ரெண்டு தட்டு தட்டினால் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். அந்தச் சத்தத்தைப் போனில் கேட்டபடியே சிட்டு இங்கே யாரோ ஒரு கிழவிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒரு வாய் தண்ணீர் ஊற்றாதவள் என்ன மகள்? அன்றைக்குத் தொடங்கிய அழுகை இன்னும் தீரவில்லை.

இப்போதுதான் லீவு கொடுத்தார்கள், எல்லாம் முடிந்து ஒரு வருஷம் கழித்து. எங்காவது போய் நாலு இடம் பார்த்துவிட்டு வா, உன் மூஞ்சியைப் பார்த்தால் நோயாளிகளே பயப்படுகிறார்கள் என்று தலைமை நர்ஸ் துரத்தாத குறையாக அனுப்பிவைத்தாள். கடற்கரை ஊர், பழைய கோட்டை, கலங்கரை விளக்கம். அவள் வந்து இறங்கிய அன்று சாயங்காலமே அங்கே ஒரு திருவிழா.

செத்தவர்களை வழியனுப்பும் திருவிழாவாம். ஆனால் கல்யாண ஊர்வலம் தோற்றது போங்கள்! பேண்டு வாத்தியம், அப்பாக்களின் தோளில் குழந்தைகள், தெருவெங்கும் சர்க்கரை கருகும் வாசனை. வீட்டுக்கு ஒரு காலி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஊரே கடலுக்குப் போனது. தண்ணீர் உள்வாங்கிக் கிடந்த மணலில் கடலைப் பார்த்து நாற்காலியைப் போட்டு, செத்தவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். ஏறி வரும் அலை நாற்காலியைக் கொண்டுபோகும். விடுதிக்காரி இவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, கொல்லையிலிருந்து நீலச் சாயம் உரிந்த ஒரு குட்டி நாற்காலியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உனக்கும் யாராச்சும் இருப்பாங்கல்ல? போய் அனுப்பிட்டு வா. 'போ'ன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சேத்துடாதே" என்றாள் அவளுடைய மொழியில்.

நம் வாய்க்கு வெறும் 'போ' வருமா? தெருமுனைக் கடைக்குக் கிளம்புகிறவனிடம்கூட 'போயிட்டு வா' என்றுதான் சொல்லிப் பழக்கம். சின்ன வயசில் சிட்டு 'போறேம்மா' என்றால், 'போறேன்னு சொல்லாதடி, போயிட்டு வரேன்னு சொல்லு' என்று அம்மா தலையில் குட்டுவாள். சாவு வீட்டில் மட்டும்தான் அதைச் சொல்லாமல் கிளம்புவார்கள். அம்மாவின் சாவு வீட்டுக்கே போகக் கொடுத்துவைக்காதவளுக்கு அது எங்கே நினைவுக்கு வரும்? நாற்காலியின் முதுகைத் தடவினாள். வாயில் வந்தது பழகிய வார்த்தைதான்.

"போயிட்டு வாம்மா."

மறுநாள் காலை டம்ளர் காலி.

அதை மறந்துவிட்டுக் கோட்டைக்குப் போனாள். சுவரோரம் பாசி வாடையும் கடல் காற்றும் கலந்து வீசின. பள்ளிப் பிள்ளைகள் பீரங்கி மேல் ஏறிக் கூத்தடித்தன. நன்றாகத்தான் இருந்தது, பின்னாலிருந்து அந்தச் சத்தம் வரும்வரை. டிங், டிங். திரும்பினாள். டீக்கடை இருந்தது. யாரோ டீயைக் கலக்குகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு அவளும் ஒரு டீ வாங்கினாள். கடைக்காரன் நீட்டியது காகிதக் கோப்பை, கலக்க ஒரு மரக்குச்சி. கடை முழுக்கத் தேடினாலும் ஒரு ஸ்பூனோ டம்ளரோ இல்லை.

கலங்கரை விளக்கத்தின் வளைந்த படிகளில் ஏறும்போது வாடை வந்தது. முதலில் தைலம். அப்புறம் தைலத்துக்கு அடியில் பதுங்கியிருக்கும் இன்னொன்று, ஆறாத புண்ணின் இனிப்பு நாற்றம். வேலையில் தினமும் மோந்து மூக்குக்குப் பழகிய நாற்றம். ஒரு வளைவுக்குக் கீழே யாரோ ஏறி வந்தார்கள். மூச்சை இழுத்து, நிறுத்தி, சளி கரகரக்க விட்டு, மறுபடி இழுத்து. அவள் நின்றாள். அதுவும் நின்றது. கைப்பிடிக் கம்பியை யாரோ கெட்டியாகப் பிடித்த அதிர்வு அவள் உள்ளங்கைக்கு ஏறியது.

எட்டிப் பார்க்கவில்லை. தைரியம் இல்லாமல் இல்லை. பார்த்து, யாரும் இல்லாமல் போய்விட்டால்? அந்த நினைப்புதான் அவளைப் பயமுறுத்தியது.

மேலே காற்றில் நின்றபோது அக்கா போன் பண்ணினாள்.

"சிட்டு, அம்மா கனவுல வந்துச்சுடி. ஒரு வருஷமா வராத கனவு. பழையபடி தொண்டையப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணியோட நிக்குது. என்னால தாங்க முடியல."

சிட்டு திருவிழாவைச் சொன்னாள். சொல்லிய வார்த்தையையும் சொன்னாள்.

"அடிப்பாவி! போறவங்களப் பாத்து வான்னா சொன்ன?"

"வாய் தவறி வந்துடுச்சுக்கா."

"நீ போன்ல பாத்தவ. நான் பக்கத்துல இருந்து பாத்தவடி. அது பட்ட பாட்டுக்கு, போனப்ப அழுகைக்கு முன்னாடி அப்பாடான்னுதான் வந்துச்சு." அக்காவின் குரல் உடைந்தது. "போன்னு சொல்லிடு. பாவம்டி அம்மா. எப்படியாச்சும் சொல்லி அனுப்பிடு."

சிட்டு சரி என்றாள். இறங்கும் வழியெல்லாம் அந்த ஒற்றை எழுத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

விடுதிக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாயவில்லை, ஆனாலும் அறைக்குள் இருட்டு மண்டிக் கிடந்தது. கதவைத் திறந்ததும் தைல வாடை முகத்தில் அடித்தது. விளக்குப் போட்டாள். எரியவில்லை.

ஜன்னலோரம் நீல நாற்காலி.

கால்களில் மணல். நனைந்த மரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. அதில் ஆள் இருந்தது. மருந்தில் முடி கொட்டிப்போன தலை. கழுத்தில் கட்டு. போனில் பார்த்த அதே பூப்போட்ட நைட்டி, முதுகோடு ஒட்டி. மூச்சு. இழுத்து, நிறுத்தி.

"அம்மா."

தலை மெதுவாகத் திரும்பியது. அம்மாவேதான். வலியில் இறுகிய வாய். கண் இவளைப் பார்த்தது. கோபம் இல்லை. ஏன்டி கூப்பிட்ட என்று மட்டும் கேட்டது. கன்னத்தில் நீர் வழிந்தது.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. சிட்டு உதட்டைக் குவித்தாள். "போ..."

அம்மா கண்ணை மூடினாள். அத்தனை நிம்மதியாக, மீதியும் வந்துவிடக் கூடாதே என்பதுபோல.

எழுத்து அந்தரத்தில் நின்றது. சொல்லிவிட்டால் இந்த முகம் இனி இல்லை. தொட்டுக்கூடப் பார்க்கவில்லையே. ஒரு வாய் தண்ணீர், ஒரே ஒரு வாய் மட்டும் கொடுத்துவிட்டு அனுப்பலாமே. மகளுக்கு அதுகூட வேண்டாமா?

"...கலாம்மா. அப்புறம் போகலாம். ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

அம்மாவின் கண் திறந்தது. அதில் இருந்ததைப் பார்க்காமல் சிட்டு குனிந்து டம்ளரை நிரப்பினாள். தலையை இடது கையில் தாங்கி, தாடையை லேசாக அழுத்தி, புரையேறாமல், ஸ்பூன் ஸ்பூனாக. தேர்ந்த கை. தோல் ஐஸாகக் குளிர்ந்தது. அம்மா குடித்தாள். சிட்டு அழுதாள், சிரித்தாள்.

கால் நனைந்தது.

குனிந்து பார்த்தாள். ஊட்டிய தண்ணீரெல்லாம் கழுத்துக் கட்டுக்கு அடியிலிருந்து கசிந்து, நைட்டியில் வழிந்து, நாற்காலிக் கால் வழியாகத் தரையில் தேங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டும் உள்ளே தங்கவில்லை. தாகத்தில் வெடித்த உதடு அப்படியே இருந்தது.

"போ" என்றாள். சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள். "போயிட்டு..." நாக்கு பழகிய பக்கமே திரும்பியது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

எலும்பாய்ப் போன கை நீண்டு ஸ்பூனை எடுத்தது.

டிங், டிங்.

"இதோம்மா" என்றாள் சிட்டு.