ஏழாம் வார்டின் மூன்றாவது பாதை

கோட்டைக்குப் பக்கத்திலிருந்த அந்த மருத்துவமனை தன் புதிய சர்வர் அறைக்கு வைத்திருந்த பெயர் 'டிஜிட்டல் இருதயம்'. திறந்து வைக்க மந்திரி வருகிறார். வாசலில் குத்துவிளக்கு, வாழைக்குலை, தெர்மாகோல் யானை. உள்ளே நுழையத்தான் ஒருவருக்கும் மனமில்லை.

"இது பழய ஏழாம் வார்டாக்கும்," என்றாள் சாவி கொண்டுவந்த மலையாளி நர்ஸ் ஜிஷா, வாசற்படியைத் தாண்டாமல். "ஒரு ராத்திரி கரண்ட் போயி வென்டிலேட்டர் நின்னுது. ஞானபாய் சிஸ்டர் விடியற வரைக்கும் கையால பலூன அமுக்கி அமுக்கி ரோகிக்கு மூச்சு குடுத்தாங்க. ரோகி பிழைச்சான். சிஸ்டர் அங்கயே மரிச்சு போனாங்க, கேட்டோ."

"ஜெனரேட்டர் இல்லியா?" என்று கேட்டாள் ஜெபமலர்.

"பின்னே வாங்கினாங்க. அதுக்கு முன்னே ஆத்யம் சிஸ்டரோட படம் மாட்டினாங்க."

ஜெபமலர் நாகர்கோவில்காரி. தகவல்களைச் சேர்த்து வைக்கும் சேமிப்புப் பெட்டியை நிறுவும் கம்பெனியின் பொறியாளர். இங்கே இரண்டு சர்வர்கள் ஒரே பெட்டியைப் பகிர்ந்துகொள்ளும். பெட்டிக்குப் போக இரண்டு கேபிள் பாதைகள். ஒன்று அறுந்தால் மற்றது தாங்க வேண்டும். தாங்குகிறது என்று அவள் கையெழுத்துப் போட்ட பிறகே விளக்கேற்றல்.

ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்ததால் நண்பகலிலும் உள்ளே இருட்டு. புதுப் பெயின்ட் வாசனை. அதற்கு அடியில், எத்தனை பூச்சுக்கும் அடங்காத டெட்டால். விசிறிகளின் இரைச்சல். அதற்கும் அடியில், எதுவோ அமுங்கி, மெல்ல விரிகிற ஓசை.

திரையில் மூன்று பாதைகள் இருந்தன.

மூன்றாவதை அழித்தாள். திரும்ப வந்தது.

"மூணா? பேஷ்!" என்று பின்னால் ஒரு குரல். தகவல் தொழில்நுட்பத் தலைவர் அனந்தபத்மநாபன், பக்கத்து ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துக்காரர். கழுத்தில் நான்கு அடையாள அட்டைகள் தொங்கின. எதற்கு நான்கு என்று கேட்கும் துணிச்சல் அங்கே யாருக்கும் வந்ததில்லை. "நோட்டீஸ்லயும் மூணுன்னே போட்டுடலாம்."

"மூணாவதுக்கு கேபிளே இல்ல சார்."

"வயர்லெஸ்ஸா இருக்கும்மா. கையெழுத்தப் போடு. மந்திரி கெளம்பிட்டார்."

"புடுங்கிப் பாக்காம போட மாட்டேன்."

ஒரு கேபிளை உருவினாள். மற்றது தாங்கியது. அதைப் பின்தொடர்ந்து போனவள் நின்றாள். இரண்டு கேபிள்களும் ஒரே நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியில் போய்ச் சேர்ந்திருந்தன.

"ரெண்டு ஸ்விட்ச் கேட்டிருந்தோமே சார்?"

"இன்னொண்ணு... வரவேற்பறை டிவி சுவருக்குப் போயிடுத்து. லாபிதானேம்மா எல்லார் கண்ணுலயும் படறது?"

"ரெண்டு ரோடும் ஒரே பாலத்து மேல போவுது. பாலம் விழுந்தா? பாருங்க." ஸ்விட்ச்சை அணைத்தாள். திறப்பு விழாவுக்கு முன் எதுவும் ஓடாது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

"அய்யோ! மேல மூளை ஆபரேஷன் நடக்கறது! ஸ்கேன் படமெல்லாம் இதுலதான்! காலம்பறவே இதுக்கு மாத்திட்டோம்!"

உடனே ஸ்விட்ச்சைப் போட்டாள். அது உயிர்பெறச் சில நிமிடங்கள் பிடிக்கும்.

முதல் பாதை: செத்துவிட்டது.

இரண்டாவது: செத்துவிட்டது.

மூன்றாவது: ஓடிக்கொண்டிருந்தது.

சேமிப்புப் பெட்டியின் பச்சை விளக்கு மெல்ல ஒளிர்ந்து, மெல்ல அணைந்தது.

ஸ்ஸ்... ஃபூ.

ஸ்ஸ்... ஃபூ.

ஜெபமலரின் பிடரியில் ஈரமான மூச்சு பட்டது.

"பிடிச்சிருக்கேன் மக்களே..." காதோரம் ஒரு பெண்குரல், மகளை அழைப்பதுபோல. "சீக்கிரம். கை கடுக்குது."

ஸ்விட்ச் விழித்தது. இரண்டு பாதைகளும் திரும்பின. மேலே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்ட அனந்தபத்மநாபன் அட்டைகளைச் சரிசெய்துகொண்டார். முதலில் திரும்பியது அவருடைய நிர்வாகத் திறமைதான்.

"பாத்தியா? நிக்கலையே! மூணாவது தாங்கறது. போடு கையெழுத்த!"

பயத்தில் விறைத்திருந்த ஜெபமலருக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"அன்னைக்கு ஜெனரேட்டருக்குப் பதிலா அந்தக் கை. இன்னைக்கு ஸ்விட்ச்சுக்குப் பதிலாவும் அதே கையா? செத்த பொறவும் நைட் டியூட்டி போடுவீங்களோ? போட மாட்டேன் சார்."

"உங்க எம்.டி.கிட்ட பேசுவேன்!"

"பேசுங்க. மந்திரிகிட்ட நானே பேசுதேன்."

வாசலில் குத்துவிளக்குக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். மந்திரி டிவி சுவரைத் திறந்து வைத்துவிட்டு, அதன் பிரம்மாண்டத்தைப் புகழ்ந்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் இரண்டாவது ஸ்விட்ச் வந்தது. ஸ்கேன் படங்களைத் தற்காலிகமாகப் பழைய பெட்டிக்கு மாற்றி, இதை நம்பி எதுவும் ஓடவில்லை என்று மேலே போய்த் தானே பார்த்துவிட்டு வந்தாள். ஸ்விட்ச்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். ஒன்று விழ, மற்றது தாங்கியது. திரையில் இரண்டே பாதைகள். கையெழுத்துப் போட்டாள்.

"விடுங்க சிஸ்டர்," என்றாள் ஆளில்லாத அறையைப் பார்த்து, சத்தமாகவே. "இனி நாங்க பிடிச்சுக்கிடுதோம்."

விசிறிகளுக்கு அடியில் அந்த ஓசை இல்லை.

நிச்சயமாக இல்லைதானா என்று காதுகொடுத்துக் கேட்க, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

ஸ்ஸ்...

அவள் மூச்சை இழுக்கவில்லை. மார்பு மட்டும், யாரோ பலூனை அமுக்கியதுபோல, மெல்ல உயர்ந்தது.