ஞானமதி அம்மாளின் மூன்று துணிகள்

2013 பிப்ரவரி, சனிக்கிழமை. மதியம் 12.40.

பொம்மையார்பாளையம் கடற்கரை விடுதியின் வராந்தாவில் சாப்பாட்டு இலை போட்டாயிற்று. பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்த ஞானமதி அம்மாளை எழுப்பப் போன அம்சவள்ளி மூன்று முறை கூப்பிட்டார். நான்காம் முறை தோளைத் தொட்டார். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. மூச்சு இருந்தது. ஆனால் அது மிகவும் மெதுவாக, ஆழத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

12.50. எல்லோரும் வந்திருந்த வேனிலேயே அவரைப் புதுச்சேரி மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு போனார் ஓட்டுநர் ஆண்டோ.

1.30. ஆண்டோ போன் செய்தார். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தூக்க மாத்திரை உடம்பில் இருக்கிறது. எழுபத்தெட்டு வயதுக்குத் தாங்காத அளவு. இன்னும் ஒரு மணி நேரம் கவனிக்காமல் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றாராம் மருத்துவர். ஞானமதி அம்மாளுக்குத் தூக்க மாத்திரை சாப்பிடும் பழக்கம் கிடையாது.

திண்டிவனத்துக்கு வெளியே, விழுப்புரம் சாலையில் இருக்கிறது அந்த முதியோர் குடியிருப்பு. ஒன்பது பேர் வசிக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் வேனில் எங்காவது போய் வருவார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் அம்சவள்ளியும் கூட வருவார். காலையில் ஒன்பது பேருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், தண்ணீர் பாட்டில் நிரப்பிக் கொடுப்பதும் அவர் வேலை. சந்தேகம் அவர்மேல் விழ இந்த இரண்டு வேலைகளே போதுமானவையாக இருந்தன.

1.45. சப் இன்ஸ்பெக்டர் சகாய பிரியா ஜீப்பில் வந்து இறங்கினார். முதல் கேள்வி தண்ணீர் பாட்டிலைப் பற்றி.

"பாட்டில் எங்க?"

"கழுவிட்டேம்மா" என்றார் அம்சவள்ளி.

"ஏன் கழுவின?"

"சாப்பாட்டு நேரத்துல எல்லார் பாட்டிலையும் கழுவி வேற தண்ணி புடிச்சி வைப்பேன். எப்பவும் செய்யறதுதாம்மா. அவங்க தூங்கறாங்கன்னு நெனச்சிக்கினு கழுவிட்டேன்."

"மாத்திரை டப்பா யாருகிட்ட இருக்கும்?"

"எங்கிட்டதாம்மா."

"காலைல பாட்டில்ல தண்ணி புடிச்சிக் குடுத்தது?"

"நாந்தாம்மா."

சகாய பிரியா நோட்டில் எழுதிக்கொண்டார். ஞானமதி அம்மாள் விட்டுப்போன கைப்பையைச் சோதித்து, அதிலிருந்த காகிதம் ஒன்றை ஒதுக்கி வைத்தார். "நாலு மணிக்கு ஸ்டேஷனுக்கு வரணும். வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிடு."

அம்சவள்ளிக்கு வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு கணவர். இந்தச் சம்பளத்தில்தான் இருவரும் சாப்பிடுகிறார்கள். ஸ்டேஷன் வரை போய் வந்த பெண்ணை, குற்றம் இல்லை என்று ஆனாலும், மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலையில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அது அங்கிருந்த எட்டுப் பேருக்கும் தெரியும். எட்டுப் பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2.10. குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோதண்டபாணி தொண்டையைச் செருமினார். நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். "ரெண்டு மணிக்குக் கூட்டம்னு போட்டிருந்தோம். தீர்மானத்தை மட்டும் முடிச்சிடலாமே. திங்கக்கிழமை சமையல் ஒப்பந்தம் கையெழுத்தாவணும்."

"ஏன்யா, தலைவி ஆஸ்பத்திரில கெடக்கறாங்க, ஒனக்குத் தீர்மானம் கேக்குதா?" என்றார் இன்னாசிராஜ். இவர் ஓய்வு பெற்ற கம்பவுண்டர். கோதண்டபாணியின் அறைத் தோழர். "மீனு இன்னா, ஓடியா போயிடும்?"

தீர்மானம் இதுதான்: குடியிருப்பின் சைவச் சமையலறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் சமைக்கலாமா, கூடாதா. நான்கு பேர் வேண்டும் என்றார்கள், நான்கு பேர் கூடாது என்றார்கள். ஒன்பதாவது ஓட்டு தலைவி ஞானமதி அம்மாளுடையது. அவர் செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். கிழங்கு வகைகூடத் தொடாதவர் மீனுக்கா ஓட்டுப் போடப் போகிறார் என்று இரு தரப்புமே முடிவு கட்டியிருந்தது. அவர் இல்லாவிட்டால் நான்குக்கு நான்கு. அப்போது செயலாளரின் ஓட்டு இரண்டாக எண்ணப்படும் என்பது சங்க விதி. செயலாளரும் சைவம். ஆக, ஞானமதி அம்மாள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் மீன் தோற்கும். அதனால் இந்தத் தீர்மானத்துக்கும் மாத்திரைக்கும் தொடர்பு இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

2.20. சகாய பிரியா ஒவ்வொருவராக விசாரித்தார்.

இன்னாசிராஜ்: "தூக்க மாத்திரை எங்கிட்ட இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். அட்டைல நாலு கொறையுது. ஆனா என் பெட்டிக்குப் பூட்டு ஏது? யாருக்குத் தூக்கம் வரலன்னாலும் எங்கிட்டதான் வருவாங்க."

"பத்தரைலேர்ந்து பதினொண்ணரை வரைக்கும், மத்தவங்க கடலுக்குப் போயிருந்தப்ப, எங்க இருந்தீங்க?"

"முட்டி வலிம்மா. மணல்ல நடக்க முடியாது. உள்ள கட்டில்ல படுத்துக் கெடந்தேன்."

அந்த ஒரு மணி நேரம் விடுதியில் இருந்தவர்கள் இருவர்தான். உள்ளே இன்னாசிராஜ், வராந்தாவில் கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்த கோதண்டபாணி. பெயர் எழுதிய பாட்டில்கள் இருந்த கூடையும் வராந்தாவில்தான் இருந்தது. மற்ற எல்லோரும் அலையில் கால் நனைக்கப் போயிருந்தார்கள். ஞானமதி அம்மாளின் கையைப் பிடித்தபடி, திரும்பி வரும்வரை விடாமல், அம்சவள்ளியும் அங்கேதான் இருந்தார்.

கோதண்டபாணி: "எனக்கு யார்மேலயும் வருத்தமில்லம்மா. பார்த்ததைச் சொல்றேன். ஒன்பது நாப்பதுக்குக் கிளியனூர்ல டீக்கு நிறுத்தினோம். ஞானமதி அம்மா வேன்லயே உக்காந்துக்கினு பாட்டில்லேர்ந்து டம்ளர்ல தண்ணி ஊத்திக் குடிச்சாங்க. ஜன்னல் பக்கத்துல நின்னு பார்த்தேன். டம்ளர்ல தண்ணி சுண்ணாம்பு கரைச்ச மாதிரி இருந்துச்சு. குளுக்கோஸ் போட்டிருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

"வேற யாராவது பார்த்தாங்களா?"

"எல்லாரும் டீக்கடையில இருந்தாங்க."

அப்படியானால் வேன் கிளம்புவதற்கு முன்பே, அம்சவள்ளி தண்ணீர் பிடித்த 8.40 மணிக்கே, மாத்திரை உள்ளே போய்விட்டது. சகாய பிரியா நோட்டை மூடினார்.

"மேடம், ஒரு பத்து நிமிஷம் குடுப்பீங்களா?"

கேட்டவர் சூசை மேரி. வயது அறுபத்தெட்டு. முப்பது ஆண்டுகள் குடிநீர் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். குடியிருப்பில் ஞானமதி அம்மாளுக்கு அடுத்த அறை.

"ஞானமதி அம்மாவோட சொந்தக் கூடையில சின்னதா ஒரு மூணடுக்குக் கேரியர் இருக்கும். அதைப் பார்க்கணும்."

"சாப்பாடா?"

"இல்ல மேடம். துணி."

2.50. கேரியர் மேசைமேல் வந்தது. உள்ளங்கை அகல அடுக்குகள். சூசை மேரி அதைத் திறப்பதற்கு முன், ஆய்வகத்தில் புதியவர்களுக்குச் சொல்வது போல, நிதானமாகச் சொன்னார்.

ஞானமதி அம்மாள் எந்தத் தண்ணீரையும் நேராகக் குடிக்க மாட்டார். இரண்டாக மடித்த வெள்ளைத் துணியை டம்ளர் வாயில் போட்டு, அதன் வழியே ஊற்றித்தான் குடிப்பார். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டு. அவற்றை விழுங்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஒருமுறை வடிகட்டிய தண்ணீர் இரண்டு நாழிகைக்குத்தான், அதாவது நாற்பத்தெட்டு நிமிடத்துக்குத்தான் செல்லும். அதன்பின் குடிப்பதென்றால் மறுபடி வடிகட்ட வேண்டும். அத்தோடு முடியவில்லை. துணியில் தங்கிய உயிர்கள் சாகக் கூடாது. எந்தக் கிணற்றுத் தண்ணீரோ அந்தக் கிணற்றிலேயே அவற்றைத் திரும்ப விட வேண்டும். ஆகவே வெளியூர் வந்தால் துணியை வந்த இடத்தில் அலசமாட்டார். காயாமல் ஈரத்தோடு ஓர் அடுக்கில் வைத்து மூடி, திண்டிவனம் திரும்பிய பிறகு குடியிருப்புக் கிணற்றில் அலசி விடுவார். முதல் வேளைத் துணி அடி அடுக்கில். இரண்டாம் வேளை நடுவில். மேல் அடுக்கில் இருப்பது இன்னும் பயன்படுத்தாத துணி.

"பாட்டிலைக் கழுவியாச்சு. ஆனா பாட்டில்ல இருந்தது இதுல அப்படியே இருக்கு, வேளை வாரியா" என்றார் சூசை மேரி. "மாத்திரைன்னா முழுக்க மருந்து இல்ல மேடம். மருந்து துளியூண்டுதான். மிச்சம் அதை உருட்டிப் பிடிக்கப் போடற மாவு. மருந்து தண்ணில கரைஞ்சு துணியைத் தாண்டிப் போயிடும். மாவு கரையாது. துணியில நிக்கும்."

"அம்மாவுக்கு அது தெரிஞ்சிருக்காதா?"

"வெள்ளைத் துணி, வெள்ளை மாவு, ரெண்டு கண்ணுலயும் புரை. எப்படித் தெரியும்?"

விடுதியின் முதலுதவிப் பெட்டியில் டிங்சர் அயோடின் இருந்தது. மாவின் மேல் பட்டால் அயோடின் கருநீலமாகும். மாவு இல்லாத இடத்தில் பழுப்பாகவே நிற்கும். சூசை மேரி முதலில் மேல் அடுக்குத் துணியின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டார். பழுப்பு. "கஞ்சி போட்ட துணியான்னு முதல்ல பார்த்துக்கணும். கஞ்சியும் மாவுதானே. இது கஞ்சி போடாதது."

அடி அடுக்கு. கிளியனூரில் வடிகட்டிய துணி. ஒரு சொட்டு. பழுப்பு. நடுவில் இன்னொரு சொட்டு. பழுப்பு.

நடு அடுக்கு. பதினொன்றரைக்குக் கடலிலிருந்து திரும்பியதும் இந்த வராந்தாவில் வடிகட்டிய துணி. சொட்டு விழுந்த இடத்தைச் சுற்றி, ரூபாய் நாணய அளவுக்குக் கருநீலம் படர்ந்தது.

இன்னாசிராஜ் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "அடேங்கப்பா" என்றார் மெதுவாக.

"கிளியனூர்ல தண்ணி சுத்தம்" என்றார் சூசை மேரி. "அதுக்கப்புறம் வேன்ல பாட்டில் அம்மா மடியிலயே இருந்துச்சு. எறங்கினதும் பாட்டில் கூடைக்குப் போச்சு. மாத்திரையை அதுல போட்டது பத்தரைக்கும் பதினொண்ணரைக்கும் நடுவுல, இந்த வராந்தாவுல. அந்த நேரத்துல அம்சவள்ளி கடல்கிட்ட."

சகாய பிரியாவின் பார்வை இன்னாசிராஜ்மேல் நின்றது. "மாத்திரை உங்களுது. இங்க இருந்ததும் நீங்க."

"அவர் இல்ல மேடம்" என்றார் சூசை மேரி. "கோதண்டபாணி சார், ஜன்னல் பக்கத்துல நின்னு பார்த்தேன்னு சொன்னீங்க. அம்மா எப்படி ஊத்தினாங்க?"

"எப்படின்னா? பாட்டிலைச் சாய்ச்சு ஊத்தினாங்க."

"டம்ளர் மேல எதுவும் இல்ல?"

"இன்னா இருக்கும் டம்ளர் மேல?"

இதைச் சொல்லி முடித்த பிறகுதான் மேசைமேல் இருந்த துணிகளை அவர் பார்த்தார்.

சூசை மேரி சகாய பிரியாவிடம் திரும்பினார். "உண்மையில பார்த்தவங்க முதல்ல துணியைத்தான் சொல்லியிருப்பாங்க. சார் பார்க்கவே இல்ல. அம்மா பொழுது சாயறதுக்கு முன்னாடி தன் ரூம்லயே சாப்பிட்டுடுவாங்க. சார் எட்டு மணிக்கு ஹால்ல சாப்பிடுவார். ஆறு வருஷமா ஒரே சைவம்னு சொல்லிக்கினு இருக்காரே தவிர, ஒரு வேளை சேர்ந்து உக்காந்ததில்ல. அதான் அம்மாவும் தன்னை மாதிரியே தண்ணி குடிப்பாங்கன்னு நெனச்சிட்டார். மாத்திரைன்னு டாக்டர் சொன்னார், பாட்டிலைப் பத்தி நீங்க கேட்டீங்க, சரி. தண்ணி வெள்ளையா இருந்துச்சுன்னு யார் சொன்னா? நேரத்தைக் காலைக்குத் தள்ளிட்டா பழி தானா அம்சவள்ளிமேல போயிடும்."

"அவருக்கு என்ன லாபம்? அந்தம்மாவும் சைவம்தானே. இருந்தாலும் இவர் பக்கம்தானே ஓட்டு?"

"அம்மா கைப்பையை நீங்க சோதனை போட்டப்ப, ஓரத்துல சார் கையெழுத்தோட ஒரு காகிதம் இருந்துச்சு இல்ல மேடம்?"

இருந்தது. சகாய பிரியா அதன் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு, சமையல் குறிப்பு என்று ஒதுக்கி வைத்திருந்தார். இப்போது உரக்கப் படித்தார். "இரண்டு அடுப்பு. இரண்டு செட் பாத்திரம். நடுவில் சுவர். அந்தப் பக்கம் அவர்கள் விரும்பியதைச் சமைத்துக்கொள்ளட்டும். இந்தத் திருத்தத்துடன் தீர்மானத்தை ஆதரிக்கிறேன்." கீழே ஞானமதி அம்மாளின் கையெழுத்து. திருத்தம் கொண்டுவருபவர் முதல் நாளே செயலாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதும் சங்க விதி. ஓரத்தில் நேற்றைய தேதி. கோதண்டபாணியின் சுருக்கொப்பம்.

"அம்மா விழிச்சிருந்தா அஞ்சுக்கு நாலு, மீன் ஜெயிக்கும். தூங்கினா நாலுக்கு நாலு, சார் ஓட்டு ரெண்டா ஆயிடும்" என்றார் சூசை மேரி. "இது அம்மாவைத் தவிர ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும்."

3.25. கோதண்டபாணி தானே போட்ட நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார்.

"நாலு மணி வரைக்கும் தூங்கட்டும்னுதான் நெனச்சேன்" என்றார். "இன்னாசிக்கு ஒண்ணு போட்டாலே காலைலதான் எழுந்திரிப்பான். அரையும் கொறையுமாக் குடிப்பாங்கன்னு நாலு போட்டேன்."

சகாய பிரியா நோட்டை மறுபடி திறந்தார்.

"மகன் வீட்டுல வெள்ளிக்கிழமைகூட மீன் வாசனை வரும். என் தட்டை எடுத்துக்கினு போயி மொட்டை மாடில சாப்பிடுவேன். அது முடியாமத்தானே இங்க வந்தேன். இனிமே எங்க போவேன்?"

"சுவர் எழுப்பச் சொல்லித்தானேய்யா அந்தம்மா எழுதியிருக்கு" என்றார் இன்னாசிராஜ். "வாசனையைப் பத்தி அந்தம்மாவைவிட ஒனக்கு ஜாஸ்தியா தெரியுமா?"

4.00. நான்கு மணி ஜீப்பில் கோதண்டபாணி ஏறினார். ஞானமதி அம்மாள் கண் விழித்துவிட்டார், பெயர் சொன்னால் திரும்புகிறார் என்று ஆண்டோ போன் செய்தார். ஐந்து மணிக்கு வேன் வந்து எல்லோரையும் அழைத்துப் போகும்.

அம்சவள்ளி கழுவிய பாட்டில்களைத் துடைத்து, பெயர் பார்த்து, அவரவர் நாற்காலியின் கீழ் வைத்தார். பிறகு தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எங்க கெளம்பிட்ட? வேன் வருது இல்ல" என்றார் இன்னாசிராஜ்.

"நான் பஸ்ல போறேன் சார். மொதல்ல புதுச்சேரி போயி அம்மாவப் பார்க்கணும்."

"திங்கக்கிழமை வருவ இல்ல?"

அம்சவள்ளி வராந்தாவில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் ஜீப்பில் ஏறுவதாக இருந்தபோது கடலைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்கள். சூசை மேரியின் முகத்தில் அவர் பார்வை ஒரு கணம் கூடுதலாக நின்றது.

"அம்மா திரும்பி வர்ற அன்னைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையை நோக்கி நடந்தார்.